மஞ்சள் குடித்த வண்டி

ஜெர்மனியில் நான் பார்த்த முதல் தமிழ் அடுப்படி ஒரு வேனுக்குள் இருந்தது. எர்லாங்கனில் என் சிநேகிதன் சண்முகம் குடியிருந்த மாடியில் பெட்டியை வைத்துவிட்டு, ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டேன். "வாடா, கீழ போலாம்" என்று மறுபடியும் படி இறக்கிக் கூட்டிப் போனான். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டு வண்டி நின்றது. அதன் பக்கக் கதவு வழியாகக் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பெருங்காய வாசனையும் வந்தது. உள்ளே சண்முகத்தின் மனைவி வசந்தா, ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையைச் செருகிக்கொண்டு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா. ப்ளேன்ல தூங்குனீங்களா? தலைய மட்டும் பாத்து வெச்சுக்குங்க, எல்லாருக்கும் மொதல் நாள் ஒரு இடி உண்டு" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மாளுக்குப் பெருங்காயம் ஆகாதாம். சுவரில் ஏறிவிட்டால் பெயின்ட் அடித்தாலும் போகாது என்று முதல் மாதமே வந்து சொல்லியிருக்கிறார். அதனால் மாடியில் ரொட்டியும் காப்பியும் மட்டும், தாளிப்பதெல்லாம் வண்டியில். காப்பிக்குத்தான் மாடியிலேயே அனுமதி உண்டே, எதற்கு என்னை இறக்கினாய் என்று கேட்டேன். "வண்டியக் காட்டோணுமில்ல" என்றான் சண்முகம். குழந்தை பிறந்த வீட்டுக்காரன் போல் அவன் முகம் இருந்தது.

அது ஒரு காலத்தில் ரொட்டி விநியோகித்த வேன். இருபது வயது ஆகியிருந்தது. யாரோ ஒரு தச்சர் வாங்கி, உள்ளே பலகைக் கட்டில், அலமாரி, இரட்டை எரிவாயு அடுப்பு, கை பம்பு வைத்த தொட்டி எல்லாம் அமைத்து வீட்டு வண்டியாக்கியிருக்கிறார். அவர் முதுமையில் விற்க, சண்முகம் வாங்கினான். ஓடும் சாமானை வாங்கினோம் என்று நினைத்தானாம். வாங்கியது ஒரு வேலையை.

சண்முகமும் நானும் கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவன் மேல்படிப்புக்கு ஜெர்மனி வந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்துகொண்டான். நான் ஊரிலேயே கணபதிப் பகுதியில் ஒரு சின்ன ஃபவுண்டரி போட்டேன், பம்புசெட் உதிரிகள் வார்க்க. எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து விட்டதில்லை. ஒரு கடிதத்தில் புலம்பியிருந்தான்: இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பு உடைந்துவிட்டது, இந்த மாடலுக்குச் செய்வதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, ஜெர்மனி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. "உடைஞ்சதை அனுப்புடா, பாக்கலாம்" என்று எழுதினேன். பார்சலில் வந்தது. அதைப் பார்த்து மரத்தில் அச்சு செய்து, புதிதாக ஒன்று வார்த்துக் கடைந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தியாவை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். ஹனோவரில் பென்கே என்ற பழைய வண்டி உதிரி வியாபாரியிடம் சண்முகம் இந்தக் கதையைச் சொல்ல, அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதே மாடல் வண்டிகள் விவசாயிகளிடமும் சர்க்கஸ்காரர்களிடமும் இன்னும் ஏராளமாக ஓடுகின்றனவாம். "மேஜை மேல் வைத்துக் காட்டாதீர்கள். வண்டியில் மாட்டி ஓட்டிக்கொண்டு வாருங்கள், செய்தவரும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த ஆர்டர் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஊரில் மின்வெட்டு. மில்கள் வாரத்தில் பாதி நாள் படுத்திருந்தன. பம்பு உதிரி கேட்க ஆளில்லாமல் நாங்களும் படுத்திருந்தோம். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், என் ஃபவுண்டரி ஷெட்டைத் தன் பஞ்சு குடோனாக்கிக்கொள்வதாகவும், என்னைத் தன் மில்லில் சூப்பர்வைசராக வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் கைகட்டி வேலை செய்ய எனக்கு மனசில்லை. வழியனுப்ப வந்தபோதுகூட, "பொறுமையாப் போயிட்டு வாங்க மாப்ள, ஷெட்டு எங்க ஓடிறப் போகுது" என்றார். ஷெட்டை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை, நான் பெட்டியில் கொண்டுவந்த பம்பை மாட்டினோம். சண்முகத்தின் சனிக்கிழமைகள் எல்லாமே அந்த வண்டிக்கு அடியில்தான் கழிகின்றன என்று வசந்தா சொன்னாள். அடியில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களைத் தடவியே கண்டுபிடிப்பான். கூரையின் இணைப்பில் மழை ஒழுகும், அதற்குத் தார்ப்பசை. தகரத்துக்குள் மரச் சட்டம், அது உளுத்தால் தகரம் தொங்கும். பெயின்டுக்கு அடியில் துரு கொப்பளித்தால் உடனே சுரண்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பரிசோதனை உண்டு. அங்கே ஒருவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடித்தகரத்தில் குத்திப் பார்ப்பார், உள்ளே போய்விட்டால் வண்டி ஓடக்கூடாது. நம் ஊரில் அப்படிக் குத்திப் பார்த்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரி ஓடாது.

பம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் உடம்பில் என் மகள் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாக வார்த்திருந்தேன். வசந்தா அதைத் தடவிப் பார்த்து, "பாப்பா பேரு ஜெர்மனி முழுக்கச் சுத்தப் போகுதுங்ணா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். இந்த வண்டியில் இன்ஜின், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அந்த மூடி எப்போதும் கதகதவென்று சூடாக இருக்கும். எர்லாங்கன் குளிரில் தோசை மாவு புளிக்காது என்று, பயணம் போகும்போதெல்லாம் வசந்தா மாவுப் பாத்திரத்தைத் துணியில் கட்டி அந்த மூடி மேல் வைத்துவிடுவாள். "ஹனோவர் போறதுக்குள்ள பொங்கீரும்" என்றாள். அடுத்து ஒரு மரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதில் புளி, மிளகாய், ஈரோட்டிலிருந்து அவள் அம்மா அனுப்பிய மஞ்சள் தூள் டப்பா. அடுத்த பார்சல் எப்போது வருமோ என்று மஞ்சளை அவள் நகை போல் பார்த்துக்கொண்டாள்.

ஆட்டோபான் நெடுஞ்சாலையில் எங்களை முந்தாத வண்டி கிடையாது. எல்லோரும் முந்தும்போது திரும்பிப் பார்த்தார்கள், குழந்தைகள் கையாட்டினார்கள். சண்முகம் ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கையாட்டினான். எனக்கு வழியெல்லாம் ஆச்சரியமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாருமே ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊரில் இந்த வேகத்துக்கு நம் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

முதல் பெரிய ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. வெப்பமானியின் முள் மேலே போவதைப் பார்த்ததும் சண்முகம் கையாட்டுவதை நிறுத்தினான். ஒதுங்கி நிற்கும் இடம் ஒன்றில் நிறுத்தி, மாவுப் பாத்திரத்தை என் மடியில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தான். உள்ளே நீராவி. அது விலகியதும், பம்பின் அடிவயிற்றில், ஒரு சொட்டு உருண்டு திரண்டு விழுவதைப் பார்த்தேன். துடைத்தேன். மறுபடியும் திரண்டது.

போல்ட்டு இறுக்கத்திலோ சீலிலோ கோளாறு என்றால் மனசு ஆறியிருக்கும். இது வார்ப்பிலேயே இருந்தது. உருக்கி ஊற்றும்போது காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால் ஊசி முனை அளவுக்குத் துளை விழும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்தத் துளை என் மகளின் எழுத்துக்கு நேர் கீழே இருந்தது.

"போச்சு" என்றேன். மடியில் மாவு, காலடியில் சொட்டுகிற பம்பு. கோயமுத்தூரில் இருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து மச்சானுக்குக் குடோன் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

சண்முகம் தலையைச் சொறிந்தான். "ஊட்டி மலை ஏர்ற லாரிக்காரங்க ரேடியேட்டர் ஒழுகுனா என்னடா பண்ணுவாங்க?"

எங்கள் இருவருக்கும் அது தெரியும். கோயமுத்தூரில் ஒர்க்‌ஷாப் பக்கம் போன எவனுக்கும் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"முடியாது" என்றாள்.

"ஒரே ஒரு ஸ்பூன்."

"அது எங்கம்மா ஈரோட்டுச் சந்தைல நின்னு வாங்கிக் காய வெச்சு அரைச்சு அனுப்புனது. அத வண்டிக்கு ஊத்தறதுக்கா?"

நான் துணியை எடுத்துப் பம்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து, தன் கையாலேயே அளந்து இரண்டு ஸ்பூன் ரேடியேட்டரில் போட்டாள். சுடுதண்ணீரில் மஞ்சள் கலந்து சுற்றி வந்தது, துளையைக் கண்ட இடத்தில் அடைத்துக்கொள்ள. கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். சொட்டு சின்னதாகி, ஈரமாகி, காய்ந்தே போனது. வண்டியைச் சுற்றி ஏதோ கல்யாண வீட்டு வாசனை.

அன்று மாலை ஹனோவருக்கு முன்பாக பயண வண்டிகள் தங்கும் ஒரு முகாம் திடலில் தங்கினோம். பக்கத்தில் பளபளவென்று, காரின் பின்னால் கட்டி இழுக்கும் ஒரு புது வீட்டு வண்டி. அதன் சொந்தக்காரர்கள் ஓய்வு பெற்ற தம்பதி. அந்த அம்மாள் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து, துருவைத் தொட்டுப் பார்த்து, "இதைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்டதாகச் சண்முகம் மொழிபெயர்த்தான். "எனக்குத்தான்" என்று பதில் சொன்னானாம். வசந்தா தோசை ஊற்றிக் கொடுத்தாள். மாவு நன்றாகவே பொங்கியிருந்தது. அந்த அம்மாள் தோசையைக் கத்தியால் வெட்டி, ஜாம் தடவிச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார். அவருடைய கணவர் எங்கள் இன்ஜினை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இது சமையலறை போல மணக்கிறது?" என்றார். சண்முகம் தோசைக்கல்லைக் காட்டினான்.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். சண்முகத்தின் திட்டம் சுலபம்: சொட்டு நின்றுவிட்டது, பென்கே கையை வைத்துப் பார்ப்பார், காய்ந்திருக்கும், ஆர்டர் கொடுப்பார், அடுத்ததை ஒழுங்காக வார்த்து அனுப்பு. "யார் கேக்கப் போறாங்க?" என்றான். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சரி என்றேன். இரவு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

பென்கேயின் முற்றம் ஊருக்கு வெளியே இருந்தது. வரிசை வரிசையாக இன்ஜின்கள், அச்சுகள், கதவுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண். நம் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் இருப்பவையேதான், ஆனால் பெருக்கி வைத்திருந்தார்கள். பென்கே உயரமான மனிதர், நீலக் கோட்டு. எனக்குக் கை கொடுத்துவிட்டு நேரே வண்டிக்குப் போனார். மூடியைத் திறந்து, இன்ஜினை ஓட்டச் சொல்லிக் காது கொடுத்தார். பம்பின் அடியில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. எழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டார். மகள் பெயர் என்றதும் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு விம்மியது.

பிறகு இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

உள்ளே மஞ்சள் குளம். விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். சண்முகத்திடம் ஏதோ கேட்டார். சண்முகம் "யா, யா" என்றான். பென்கே சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொல்லித் துணியில் விரலைத் துடைத்தார்.

"என்னடா கேட்டார்?"

"ரேடியேட்டர் பழசு, ஒழுகுதான்னு கேட்டார். ஆமான்னேன். போர் முடிஞ்ச காலத்துல அவங்கப்பா கடுகுத் தூளப் போடுவாராம். ஆர்டர் பேசலாம், ஆபீசுக்கு வாங்கங்கறார். வா."

பென்கே முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். முந்தின நாள் கேட்டபோது இது சுலபமாக இருந்தது. யாரும் கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்பதோடு நிறுத்தியிருந்தேன். இப்போது ஒருவர் கேட்டேவிட்டார். அதற்குப் பொய்யாக ஒரு பதிலும் போய்விட்டது, என் பெயரில். இதே வார்ப்பு முறையில், இதே மண்ணில், இன்னும் நூறு வார்த்தால் அதில் எத்தனை ஒழுகும் என்று எனக்கே தெரியாது. வயல் நடுவில் யாரோ ஒரு விவசாயியின் வண்டி நீராவி கக்கும். ஒவ்வொரு பம்போடும் ஒரு மஞ்சள் டப்பாவை நான் அனுப்ப முடியாது.

"ரேடியேட்டர் இல்ல, பம்புதான்னு சொல்லு" என்றேன்.

"பைத்தியமாடா உனக்கு? கைல வந்திருச்சு. வாய மூடிட்டு நட."

"சொல்லுடா."

"நா சொல்ல மாட்டேன். உம் மச்சான்கிட்டப் போய் சலாம் போடோணும்னு ஆசையா?"

அவனுக்கு என்மேல் இருந்த அக்கறை அது, எனக்கும் புரிந்தது. ஆனால் எனக்கோ ஜெர்மன் தெரியாது; மஞ்சளை வடித்துவிட்டால் சொட்டே சொல்லிவிடும் என்று நினைத்தேன். முற்றத்தின் ஓரத்தில் குழாயும் வாளியும் இருந்தன. போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து வடிகுழாயைத் திறந்தேன். பெருக்கி வைத்த அந்த முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. நல்ல தண்ணீரை ஊற்றி, மூடி, இன்ஜினைக் கிளப்பினேன். பென்கே திரும்பி வந்துவிட்டார். நான் பம்பின் அடியில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு, தப்பு என்னுடையது என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

சொட்டு வரவில்லை.

காத்திருந்தோம். இன்ஜின் நன்றாகச் சூடாகியும் வரவில்லை. ஈரோட்டு மஞ்சள் துளைக்குள் போய்க் கல்லாக உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. நான் காய்ந்த இரும்பைக் காட்டிக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன். பென்கே என்னையும் இரும்பையும் மாறி மாறிப் பார்க்கிறார். சண்முகம் வானத்தைப் பார்த்தான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, என் பம்பு ஒழுகவில்லை என்பதில் கூச்சமில்லாமல் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசியில் வசந்தாதான் பேசினாள். மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற ஜெர்மன். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். பென்கே இடையிடையே ஏதோ கேட்க, அவள் பம்பையும் மரப் பெட்டியையும் என்னையும் காட்டினாள். சண்முகம் ஒருமுறை குறுக்கே பேசப் போனான். "நீங்க சும்மா இருங்க" என்றாள் தமிழில்.

பென்கே முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நீலக் கோட்டைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டினார். அவரே ஸ்பானரை எடுத்தார். நானும் கூடச் சேர்ந்து பெல்ட்டைக் கழற்றி, போல்ட்டுகளை அவிழ்த்து, பம்பை இறக்கினோம். எந்த ஸ்பானர் வேண்டும் என்று கையை நீட்டினால் போதுமாக இருந்தது. பம்பின் வாய்களை அடைத்து, காற்றுக் குழாயைச் செருகி, ஒரு தகரத் தொட்டித் தண்ணீரில் பம்பை முக்கினார். காற்றைத் திறந்தார்.

முதலில் மஞ்சளாக ஒரு நூல் தண்ணீரில் நெளிந்து மேலே வந்தது. அதன் பின்னாலேயே குமிழிகள், வரிசையாக.

பென்கே குமிழி வந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். என்னை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, தொட்டியைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். வசந்தா மொழிபெயர்த்தாள்: "ஒவ்வொண்ணையும் இப்பிடி முக்கிப் பாத்துத்தான் அனுப்போணுமாங்ணா. குமிழி வந்தா அனுப்பாதீங்க. மொதல்ல கொஞ்சமா அனுப்புங்க, அதையும் அவரு இதே தொட்டில முக்கிப் பாப்பாராம். அப்பறந்தான் பெரிய ஆர்டர்."

"சரின்னு சொல்லும்மா" என்றேன். பிறகு பென்கேயைப் பார்த்து நானே "யா" என்றேன், சத்தமாக.

எர்லாங்கனுக்கு வண்டி திரும்ப வேண்டுமே. வேறு பம்பு ஜெர்மனியிலேயே கிடையாது, அதனால்தானே இவ்வளவும். அதே பம்பை மாட்டினோம். தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்பு வட்டத்துக்குள் சொட்டு திரண்டது, அப்போதுதான் நேரம் கிடைத்தது போல. பென்கே வசந்தாவைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் பெருமூச்சு விட்டு டப்பாவைக் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவதுக்கு ஸ்பூனை விட்டபோது வசந்தா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "போதும், கொழம்புக்கு வேணும்" என்றாள். அதை மட்டும் யாரும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் சண்முகம் யாருக்கும் கையாட்டவில்லை. ஒரு இறக்கத்தில், கார் ஒன்று எங்களை முந்தியது, குழந்தை கையாட்டியது. பழக்க தோஷத்தில் இவனும் ஆட்டினான். "உன் ஆர்டரு போயிருமோன்னு கொஞ்சம் பயந்துட்டேன்டா" என்றான் பிறகு. நானும்தான் என்றேன்.

ஊருக்கு வந்ததும் ஷெட்டு வாசலில் முதல் வேலையாக ஒரு தொட்டி கட்டினேன். சிமென்டு காய்வதற்குள் மச்சான் வந்துவிட்டார், கையில் அளவு டேப்போடு. தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதென்ன மாப்ள, மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கா?"

"இல்லீங்க மச்சான், பம்பு குளிக்கறதுக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஈரமா இருக்குது."

அவர் தள்ளி நின்றார். டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.